ஏழு மணிக்கு நல்ல வேகம்

1

2025 நவம்பர் 13, வியாழக்கிழமை, காலை 5.52. பேர்கனில் நான்கு பாகை, மழை. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் அப்போது 10.22. அங்கும் விட்டு விட்டு மழை. அக்கா வீட்டு விறாந்தையில் பூட்டியிருக்கும் கமராவில், முற்றத்துத் தண்ணீரில் குமிழிகள் எழும்புவதைப் பார்த்தபடிதான் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது மிடறு இறங்குமுன் படம் உறைந்தது. நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது. பிறகு வட்டமும் போய், தொடர்பு இல்லை என்ற எழுத்து மட்டும் நின்றது.

முதலில் நேரத்தைக் குறித்துக்கொண்டேன். அடுத்ததாக, இணையக் கம்பனிக்கு முறைப்பாடு சொல்ல இலக்கத்தை அழுத்தினேன். அக்காவுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்பதைச் சொல்ல, ஊரில் இருக்கும் உங்களுக்கு ஒரு வருடக் கதையைச் சொல்லவேண்டும்.

2

அக்காவின் பெயர் மங்கையர்க்கரசி. வயது எண்பத்தொன்று. எனக்கு எழுபத்தாறு. அத்தான் இல்லை, பிள்ளைகளும் இல்லை. நான் நோர்வேக்கு வந்து முப்பத்தெட்டு வருடங்கள். அதில் இருபத்தேழு வருடங்கள் நகராட்சியில் தண்ணீர் மீற்றர் கணக்குப் பிரிவில் வேலை. எண்கள் ஒழுங்காக வந்தால்தான் எனக்கு நித்திரை வரும்.

போன வருடம் கார்த்திகையில் அக்கா கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். காலை எட்டு மணிக்கு விழுந்தவரைப் பின்னேரம் நாலு மணிக்கு மின்சார மீற்றர் வாசிக்க வந்த மனிதர்தான் கண்டார். எலும்பு முறியவில்லை, எட்டு மணித்தியாலம் ஈரச் சீமெந்தில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி இரண்டு கிழமை படுத்திருந்தார். செய்தி எனக்கு அடுத்த நாள்தான் வந்தது.

அதற்குப் பிறகு நான் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தேன்.

"அக்கா, வீட்டுக்கு பைபர் லைன் எடுத்துக் கமரா இரண்டு பூட்டுறன். அது ஒழுங்கா வேலை செய்தால் நீங்கள் வீட்டிலை இருக்கலாம். இல்லையெண்டால் முதியோர் ஹோமுக்குத்தான் போகவேணும். இனி நான் ஒண்டும் தெரியாமல் இருக்கேலாது."

"நான் என்ன கள்ளியோ, கமரா பூட்ட? லைன் விழுந்தால் நான் ஏன்ரா ஹோமுக்குப் போகவேணும்? லைன் விழுறதுக்கு நான் என்ன செய்யிறது?"

"அப்ப ஹோமுக்குப் போறியளோ?"

"பூட்டு, பூட்டு. குசினிக்குள்ளை மட்டும் வேண்டாம்" என்றார்.

இப்படித்தான் எங்கள் ஒழுங்கையில் பைபர் எடுத்த முதல் வீடாக அக்கா வீடு ஆனது. அவர் எங்கே சாவது என்பது, வினாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கில் தொங்கிக்கொண்டு நின்றது.

3

இணைப்பு எடுப்பதற்கே ஒன்பது கிழமை பிடித்தது. வீட்டு முகவரியை உறுதிப்படுத்த மின்சாரப் பட்டியல் கேட்டார்கள். பட்டியல் அத்தானின் பெயரில். அத்தான் இறந்துவிட்டார் என்றால் மரணச் சான்றிதழ். அது கொடுத்தால், அந்த வீட்டில் இப்போது இருப்பது அக்காதான் என்று கிராம சேவகரின் கடிதம். கிராம சேவகர் பயிற்சிக்குப் போய்விட்டார். பதிலுக்கு வந்தவரின் றப்பர் முத்திரை வேறு பிரிவுடையது. இவ்வளவையும் அக்கா குடையோடு நடந்து முடித்தார். நான் இங்கிருந்து, முடிந்ததா முடிந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

லைன் வந்தது தை மாதக் கடைசியில். முதல் நாள் வேகத்தைப் பார்த்தபோது எனக்குச் சந்தோசம்தான். பேர்கனில் என் மகள் வீட்டில்கூட அவ்வளவு இல்லை. ஆனால் மாசியிலேயே தொடங்கிவிட்டது. முருங்கைக் கொப்பு முறிந்து வயரில் விழுந்தது. திருத்தினார்கள். அணில் கடித்தது. திருத்தினார்கள். அதற்குப் பிறகு வயரில் ஒரு குறையும் இல்லை என்றார்கள்; ஆனாலும் பின்னேரமானால் படம் சுற்றிக்கொண்டு நின்றது. அக்கா விறாந்தையில் கால் தூக்கியபடி ஒரு நிமிடம் நிற்பார். பிறகு திடீரென்று மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருப்பார். இடையில் விழுந்தாரா, எழுந்தாரா, எனக்குத் தெரியாது.

கம்பனிக்கு எடுத்தால் தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொல்லும். அழுத்தினால் பாட்டுப் போடும். பாட்டு முடிந்து ஒரு பிள்ளை வந்து, கணக்கு வைத்திருப்பவரின் அடையாள அட்டை இலக்கம் கேட்பாள். சொல்வேன். நீங்களா அவர் என்பாள். நான் தம்பி என்பேன். உங்கள் அடையாள அட்டை இலக்கம் என்பாள். என்னிடம் இருப்பது நோர்வேக் கடவுச்சீட்டு. அதற்கு அவர்களுடைய கணினியில் இடமில்லை.

ஒரு முறை இன்னொரு விதமான கூத்து நடந்தது. இங்கே ஓம் என்பதை மூச்சை உள்ளே இழுத்தபடி சொல்வது ஒரு வழக்கம். முப்பத்தெட்டு வருடத்தில் அது எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தப் பிள்ளை விவரம் கேட்கக் கேட்க நான் ஒவ்வொன்றுக்கும் அப்படி இழுத்திருக்கிறேன்.

"ஐயா, உங்களுக்கு மூச்சு முட்டுதோ? பக்கத்திலை ஆரும் இருக்கினமோ?" என்று பதறிவிட்டாள்.

"பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை. லைனுக்குத்தான் முட்டுது" என்றேன்.

அவள் சிரித்தாள். முறைப்பாடு மட்டும் பதிவாகவில்லை.

மகள் அகல்யா வெள்ளிக்கிழமைகளில் வருவாள். அவளுடைய தமிழ், பள்ளிக்கூடம் போன வயதோடு நின்றுவிட்டது. பேரன் கமராவைப் பார்த்துக் கைகாட்டுவான். அக்கா அவனுக்கு ஒரு படம், அவ்வளவுதான். ஒரு நாள் அகல்யா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, நீங்க மாமியைப் பாக்கேல்லை. அந்த நம்பரைத்தான் பாக்கிறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. செய்தி வராத வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. தொண்ணூற்றைந்தில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அக்காவும் அத்தானும் எங்கே என்று ஐந்து மாதம் எனக்குத் தெரியவில்லை. அப்போது ஒரு சத்தமும் இல்லாமல் இருப்பது என்னவென்று படித்தவன் நான். சுற்றிக்கொண்டு நிற்கும் வட்டத்தைப் பார்த்தால் எனக்கு அந்த ஐந்து மாதம்தான் ஞாபகம் வருகிறது. இதை நோர்வேஜிய மொழியில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லாமல் விட்டுவிட்டேன்.

4

ஆடியில் நான் முதியோர் இல்லத்துக்கு ஒன்றரை இலட்சம் ரூபா முற்பணம் கட்டினேன். யாழ்ப்பாணப் பட்டினத்துக்குக் கிட்ட, சுத்தமான இடம். காத்திருப்போர் வரிசை நீளம். பணம் கட்டினால்தான் இடம் பிடித்து வைப்பார்களாம். வராவிட்டால் திரும்பக் கிடைக்காது. மார்கழி முடிய முடிவைச் சொல்வதாக ஒத்துக்கொண்டேன். அக்காவுக்கும் சொன்னேன். "லைன் சரிவந்தால் காசு போனால் போகட்டும்" என்று சேர்த்துச் சொன்னேன்.

ஆவணியில் கம்பனி ஒருவரை அனுப்பியது. அவர் அக்கா வீட்டில் நின்றபடியே என்னோடு கதைத்தார்.

"ஐயா, லைனிலை ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்த றூட்டரிலை பதினாலு போன் தொங்குது."

"பதினாலோ? அக்காவிட்டை ஒண்டுதானே இருக்கு."

"வீட்டிலை ஒண்டுதான். மற்றதெல்லாம் ஒழுங்கைக்குள்ளை. றூட்டரையும் றோட்டுப் பக்கத்து யன்னலிலை வச்சிருக்கினம். அதாலை பின்பக்கக் கமராவுக்குச் சிக்னல் போகாது."

அக்காவைக் கேட்டேன்.

"உது சூடாகுதெண்டு காத்துப்பட வச்சனான்" என்றார்.

"பாஸ்வேர்ட் ஆர் குடுத்தது?"

"கேட்டுதுகள், குடுத்தன். வதனியின்ரை புருசன் கட்டாரிலை. டேற்றாக் காட் போட்டுக் கதைக்கிற காசுக்கு அவள் ஒரு சட்டை தைக்கவேணும். சிவபாலன் நாதஸ்வரம் கேக்கிறவன். அதுக்கென்னடா?"

வதனி வலது பக்கத்து வீடு, தையல்காரி. சிவபாலன் எதிர் வீடு. பஸ் கொண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் நாதஸ்வரம் கேட்காதவரைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். என்றாலும், என் கணக்கில் கேட்கிறார் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. இவர்கள் இரண்டு பேர், மிச்சம் பதினொரு போன் யார் யாருடையதோ.

"அக்கா, அவையள் கச்சேரி கேக்கிறதுக்காக நீங்கள் ஹோமுக்குப் போகப்போறியளோ? பாஸ்வேர்டை இண்டைக்கே மாத்துங்கோ. அவரே மாத்தித் தருவார்."

இரண்டு நாள் கழித்துக் கேட்டேன். "மாத்தியாச்சு" என்றார்.

அன்றிலிருந்து வேகம் நன்றாக வந்தது. நான் தினமும் இரண்டு தரம் அளப்பேன்: இங்கே காலை ஏழு மணிக்கும் பின்னேரம் இரண்டு மணிக்கும். கோடை நேரத்தில் அது அளவெட்டியில் பத்தரையும் ஐந்தரையும். இரண்டு நேரமும் ஒரே மாதிரி, குறைவில்லாமல் வந்தது. மற்ற நேரங்களில் எப்போதாவது கமரா சுற்றி நின்றால், அது கமராவின் பிழை என்று எண்ணிக்கொண்டேன். ஒக்ரோபர் கடைசி ஞாயிறு இங்கே மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பினார்கள். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் ஏழு மணிக்கு வேகம் பாதாளத்துக்குப் போயிருந்தது. வியாழன் பழையபடி சரியாகிவிட்டது. அந்த மூன்று நாளுக்கு விளக்கம் கேட்டுக் கம்பனிக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன்.

அவர்கள் பதில் போடவில்லை. இப்போது நினைத்தால், பாவம், அவர்கள் என்ன பதில் போடுவார்கள்?

5

நவம்பர் 13 காலைக்கு வருகிறேன். இரண்டை அழுத்தினேன். பாட்டு. இருபத்தாறு நிமிடம் பாட்டு. நான் அந்த நேரம் முழுவதும், இந்த ஒரு விழுகையோடு இந்த மாதம் எத்தனை, அதை எந்தச் சொல்லில் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு உறைக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் பிள்ளை வந்தாள்.

"ஐயா, ஒழுங்கைக்கு லைன் இருக்கு. உங்கடை பெட்டிக்குத்தான் கரண்ட் இல்லை. வீட்டிலை ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ."

வீட்டில் ஆட்கள் என்றால் அக்கா ஒருவர்தான். அப்போதுதான் எடுத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. திரும்ப எடுத்தேன். திரும்பவும். ஒழுங்கையில் வேறு யாருடைய இலக்கமும் என்னிடம் இல்லை. பத்து மாதமாக அந்த வீட்டின் வேகத்தை அளந்தவனிடம், பக்கத்து வீட்டின் தொலைபேசி இலக்கம் இல்லை. தேத்தண்ணீர் ஆறிப்போயிருந்தது. அகல்யாவுக்கு எடுத்து எழுப்பலாமா என்று நினைத்தேன். எழுப்பி என்ன சொல்வது?

6.31க்குத் தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வந்தது. பெண் குரல், ஓட்டோச் சத்தத்துக்கு மேலாகக் கத்தியது.

"மாமா, நான் வதனி. பக்கத்து வீடு. முதல்லை, பயப்பிடாதேங்கோ. அன்ரியைத் தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். கதைக்கிறா, நல்லாக் கதைக்கிறா. என்னைப் பேசிக்கொண்டுதான் வாறா."

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "சீலை மாத்த விடாமல் ஏத்திப்போட்டாளடா!"

நடந்ததை வதனி சொன்னாள். அவள் கணவனோடு கதைத்துக்கொண்டிருந்தாளாம். அவன் இரவு வேலை முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், வாயில் பாணோடு அப்படியே உறைந்து நின்றான். வதனியின் வீட்டில் மின்விசிறி சுற்றுகிறது. ஆகவே கரண்ட் போகவில்லை.

"அன்ரி, பெட்டியைப் போட்டு விடுங்கோ எண்டு மதிலுக்கு மேலாலை கத்தினன். சத்தமில்லை. ஒவ்வொரு நாளும், பொறடி கழுதை, வாறன் எண்டு திட்டுவா. இண்டைக்கு இல்லை. அங்காலை சிவபாலன் மாமாவும், தன்ரை நாதஸ்வரம் நிண்டுபோச்செண்டு படலையடிக்கு வந்திட்டார். இரண்டு பேருமா ஓடிப்போய்ப் பாத்தால், பின்னுக்கு மோட்டர் சுவிட்சடியிலை கிடக்கிறா."

மழையில் நனைந்த கையோடு அக்கா தண்ணீர் மோட்டரைப் போட்டிருக்கிறார். ஒழுகின மின்சாரம் தட்டி எறிந்திருக்கிறது. ட்றிப் சுவிட்ச் உடனே விழுந்தபடியால் உயிர் தப்பியது. சுவிட்ச் விழுந்ததும் வீடு முழுவதும் கரண்ட் நின்றது, றூட்டரும் நின்றது. விழுந்த வேகத்தில் வலது மணிக்கட்டு முறிந்து, நெற்றி வெடித்து இரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. படம் நின்றதிலிருந்து இவர்கள் அவரைத் தூக்கியது வரை ஐந்து நிமிடம்தான் இருக்கும் என்றாள் வதனி.

அந்த ஐந்து நிமிடத்திலும், அதற்குப் பிறகு இருபது நிமிடத்துக்கு மேலும், நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

6

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து வதனியின் போனில் அக்கா வந்தார். நெற்றியில் கட்டு, கையில் மாவுக்கட்டு. கட்டிலருகில் சிவபாலன் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். நான் முதலில் கேட்டது நன்றி சொல்வதற்கு முன்னால் கேட்டிருக்கக்கூடாத கேள்வி.

"வதனி, பாஸ்வேர்ட் மாத்தின பிறகு நீங்கள் எப்பிடி லைனிலை நிண்டனியள்?"

வதனி அக்காவைப் பார்த்தாள். அக்கா சிவபாலனைப் பார்த்தார். சிவபாலன் தோடம்பழத்தைப் பார்த்தார்.

"நான் மாத்தேல்லை" என்றார் அக்கா.

"அப்ப வேகம்? ஏழு மணிக்கு நல்லா வந்ததே!"

"நீ ஏழு மணிக்குப் பாக்கிறனி எண்டு முழு ஒழுங்கைக்கும் தெரியும். உனக்கு ஏழெண்டால் எங்களுக்குப் பத்தரை. பத்தேகாலுக்கு எல்லாரும் நிப்பாட்டுவினம். நீ அளந்து முடியப் போடுவினம். பின்னேரமும் அப்பிடித்தான்."

சிவபாலன் இப்போது வாய் திறந்தார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்களாலை நான் ஒரு இராக ஆலாபனையை முழுசாக் கேட்டதில்லை. நல்ல இடம் வரேக்கை மங்கையக்கா கைதட்டுவா, நிப்பாட்டு எண்டு. பேந்து நீங்கள் உங்கை மணிக்கூட்டை மாத்திப்போட்டியள். மூண்டு நாள் எங்களுக்குப் பெரிய கரைச்சல். என்னடா, அண்ணை இண்டைக்குப் பாக்கேல்லையோ, பாத்திட்டாரோ எண்டு தெரியாமல்!"

வதனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மூன்று மாதமாக அளந்தது கம்பனியின் வேகத்தையல்ல. ஒரு ஒழுங்கை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதையே அளந்திருக்கிறேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னை ஹோமிலை விட்டிருப்பாய்" என்றார் அக்கா. குரலில் சண்டை இல்லை. "தம்பி, முன்னம் நான் கிணத்தடியிலை எட்டு மணித்தியாலம் கிடந்தனான். வதனி வீட்டிலைதான் இருந்தவள். சிவபாலனும் வீட்டிலைதான். அவையளுக்கு என்னட்டை ஒரு அலுவலும் இருக்கேல்லை, அதாலை ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை. இப்ப ஒரு நிமிசம் பெட்டி நிண்டால் பதின்மூண்டு பேர் என்ரை பேரைச் சொல்லிக் கத்துதுகள். உன்ரை கமரா என்னைப் பாக்கும். தூக்குமோ?"



"அந்த ஹோமிலை வைஃபை இருக்கோ எண்டு கேட்டனியோ?" என்று அவரே தொடர்ந்தார். "இருந்தாலும் எனக்கு ஆரும் பாஸ்வேர்ட் தருவினமோ?"

நான்கு நாள் யோசித்தேன். யோசித்தேன் என்பதை விடப் பயந்தேன் என்பதுதான் சரி. இல்லத்தில் தாதி இருக்கிறார், கிணறு இல்லை, மோட்டர் இல்லை. ஒழுங்கையில் இருப்பவர்கள் நாளைக்குத் தாங்களும் லைன் எடுத்துவிட்டால்? வதனி கட்டாருக்குப் போய்விட்டால்? சிவபாலனுக்கும் அறுபத்தெட்டு வயது. என்றாலும் ஐந்தாம் நாள் இல்லத்துக்கு எடுத்து, அக்கா வரமாட்டார் என்று சொன்னேன். முற்பணம் திரும்பாது என்று அவர்கள் நினைவூட்டினார்கள். தெரியும் என்றேன், பழக்கதோசத்தில் மூச்சை உள்ளே இழுத்தபடி.

மோட்டரின் வயர் முழுவதையும் மாற்றி, சுவிட்சைக் குசினிச் சுவருக்கு, மழை படாத இடத்துக்குக் கொண்டுவந்தாயிற்று. தையிலிருந்து பெரிய இணையப் பொதிக்கு மாறுகிறோம். பதினாலு பேருக்கும் கமராவுக்கும் காணும் என்கிறார்கள், பார்க்கவேண்டும். கரண்ட் போனாலும் றூட்டர் நிற்காமலிருக்க ஒரு பற்றரிப் பெட்டி வாங்கி அனுப்பினேன். ஆனால் அக்கா அதைப் பூட்ட விடவில்லை. றூட்டர் நிற்காவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்கிறார். அது வந்த மட்டைப் பெட்டிக்குள்ளேயே விறாந்தையில் கிடக்கிறது.

வதனியின் இலக்கமும் சிவபாலனின் இலக்கமும் இப்போது என்னிடம் இருக்கின்றன. லைன் நின்றால் எனக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தேன். சொல்கிறார்கள். கடந்த மூன்று கிழமையில் ஏழு தரம் அழைப்பு வந்தது. ஏழும் ஊர்க் கரண்ட் வெட்டு. "அன்ரி நல்லாயிருக்கிறா மாமா, இஞ்சை எல்லாருக்கும் இல்லை" என்பாள் வதனி. அந்த முதல் வசனம் வரும்வரை நான் கதிரையை விட்டு எழும்பித்தான் நிற்கிறேன். ஏழு மணி அளவையை விட்டுவிட்டேன். இப்போது நேரம் குறிக்காமல் பார்க்கிறேன். அநேகமாகச் சுற்றிக்கொண்டுதான் நிற்கிறது.

கணக்கை முடிக்கிறேன். இணைப்புக்குப் பதினெட்டாயிரத்து ஐந்நூறு. மாதக் கட்டணம் பதினொரு மாதத்துக்கு முப்பத்தையாயிரத்து இருநூறு. கமரா இரண்டும் பூட்டுக் கூலியும் நாற்பத்தீராயிரம். மின் வேலை முப்பத்தோராயிரத்து எண்ணூறு. பூட்டாத பற்றரிப் பெட்டி இருபத்துமூவாயிரத்து எழுநூற்றைம்பது. இல்லத்துக்குக் கட்டித் திரும்பாத முற்பணம் ஒன்றரை இலட்சம். அன்றைய ஓட்டோக் காசை வாங்கச் சிவபாலன் மறுத்துவிட்டார், ஆகவே அது இதில் இல்லை. மொத்தம் மூன்று இலட்சத்து ஓராயிரத்து இருநூற்றைம்பது ரூபா.